பீங்கான் தாழ்ப்பாளின் பதினோரு வாரங்கள்

மனித குலம் கண்ட முன்னேற்றங்களிலேயே மிக நிதானமானது எதுவென்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: விருத்தாசலத்தில், எங்கள் பீங்கான் கம்பெனியின் பெண்கள் கழிப்பறைக் கதவில் நிகழ்ந்ததுதான். அதை முதல் நாளிலிருந்து எழுதி வைக்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. என் பெயர் கொளஞ்சிநாதன். ஸ்டோர் கிளார்க். கூடுதல் பொறுப்பு, 'முன்னேற்றப் பதிவாளர்'. இந்தப் பதவியை உருவாக்கியவர் எங்கள் குழுத் தலைவர் வளவன்.

வளவன் புதுச்சேரியில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். போகும்போது வெறும் சூப்பர்வைசர். வரும்போது கழுத்தில் ஓர் அட்டை, வாயில் ஒரு மந்திரம்: 'சின்னச் செயல், சீரான முன்னேற்றம்'. வேலைக்குத் திரும்பிய அன்று காலையே செல்வநாயகி அவர் முன்னால் போய் நின்றார். சுடாத மண் சாமான்களின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துச் சீராக்குவது அவர் வேலை.

"சார், கக்கூஸ் கதவுல தாப்பா ஒடிஞ்சு ஒரு மாசம் ஆவுது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியில கதவப் புடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியிருக்குது. அதுக்குப் பயந்துக்கிட்டு நாள் முச்சூடும் தண்ணியே குடிக்கிறதில்லீங்க. எனக்கு நீர்க்கடுப்பே வந்துடுச்சு. டாக்டரு திட்டுறாரு."

"அருமையான வாய்ப்புக்கா!" என்றார் வளவன்.

"கடையில ஒரு இரும்புத் தாப்பா வாங்கி மாட்டுனா முடிஞ்சிடும் சார்."

"முடிஞ்சிடும்! அப்புறம் முன்னேறுறதுக்கு என்னாக்கா மிச்சம் இருக்கும்?"

செல்வநாயகி பஞ்சை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். நான் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

முதல் வாரம் கூட்டம் கூடி, வெள்ளைப் பலகையில் கதவின் படத்தை வரைந்தோம். இரண்டாம் வாரம் படத்துக்கு வண்ணம் தீட்டினோம். மூன்றாம் வாரம் தலைவருக்கு ஞானோதயம் ஆயிற்று. பீங்கான் கம்பெனியில் இரும்புத் தாழ்ப்பாளா? வெட்கம்! நாமே செய்வோம். கதவை அளந்து, அதே அளவுக்கு அச்சு எடுத்து, மண் குழம்பு ஊற்றி, காய வைத்து, சூளையில் சுட்டோம். பளபளவென்று வந்தது. மாட்டிப் பார்த்தோம். எதிரே கதவு நிலையில் இருந்த துளையை அது எட்டவில்லை.

சுட்டால் மண் சுருங்கும் என்பது எங்களுக்கு டீ கொண்டு வருபவருக்குக்கூடத் தெரியும். பதினைந்து வருடமாக மண்ணிலேயே கிடக்கும் நிபுணர்களால் மட்டுமே அதை மறக்க முடியும். மறந்தோம்.

"எவ்ளோ பத்தல?" என்றார் தலைவர்.

"ஒரு இஞ்சு சார். அதாவது எட்டு நூலு," என்றேன்.

"பிரமாதம்! வாரத்துக்கு ஒரு நூல் கூட்டுவோம்."

செல்வநாயகி குறுக்கிட்டார். "எட்டு நூலையும் ஒரே தடவையா கூட்டிடக் கூடாதுங்களா?"

"அது பெரிய செயல்க்கா. பெரிய செயல் செய்யிறவங்க பாதியில வுட்டுடுவாங்கன்னு பயிற்சியில சொன்னாங்க."

அதன்பின் வாரம் ஒரு தாழ்ப்பாள் சூளையிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு நூலுக்கும் கைதட்டினோம், தேன் மிட்டாய் கொடுத்தோம். பலகையில் கோடு ஏறிக்கொண்டே போனது. பெண்கள் ஜோடி ஜோடியாகப் போவதை 'குழு உணர்வு: நூறு சதவீதம்' என்று பதிந்தேன். தண்ணீர்க் குடம் காலியாகாததை 'நீர்ச் சிக்கனம்' என்றேன். செல்வநாயகி காய்ச்சலில் நான்கு நாள் படுத்தார். அதற்கு 'பணியாளர் ஓய்வு' என்று தலைப்புக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

பதினோராம் வாரம் தாழ்ப்பாள் துளையைத் தொட்டுவிட்டது! முதலாளி அழைக்கப்பட்டார். கதவில் ரிப்பன் கட்டி வெட்டினோம். "தலைவன்னா முன்னால நிக்கணும்" என்று சொல்லி, வளவன் தாமே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். 'டக்' என்று சத்தம் கேட்டது. கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "லேசா இறுக்கமா இருக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டவே முடியலீங்க."

பேக்கிங் பிரிவு அம்சவல்லி கதவருகே போய் அன்போடு சொன்னார். "இன்னிக்கி ஒரு நூலு மட்டும் நவுத்துங்க சார். மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"யாராவது கதவ ஒடைங்க!"

"அது பெரிய செயல் சார்," என்றார் செல்வநாயகி. "பாதியில வுட்டுடுவோம்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ஒரு மனுசன் உள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்குறாரு, வேடிக்கையா பாக்குறீங்க?" என்று கத்தினார். லாரி டிரைவர் கடப்பாரையோடு ஓடி வந்தார். நான்கே நிமிடத்தில் கதவு பெயர்ந்தது. தலைவர் வெளியே வந்தார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆட்டோ கடைத்தெருவுக்குப் பறந்தது. அன்று மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் புதுக் கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் மாட்டியாகிவிட்டது. வாரம் ஒரு நூலுக்குப் பழகியிருந்த எனக்குத் தலையே சுற்றியது.

பதினோரு வாரத்தின் இறுதி அறிக்கையை முதலாளிக்கு எழுத வேண்டியது பதிவாளரின் கடமை. இந்த ஒரு தடவை, அலங்காரம் இல்லாமல் எழுதினேன்:

'ஐயா, கதவுக்கு வெளியே பதினெட்டுப் பெண்கள் நின்றபோது தாழ்ப்பாள் வாரம் ஒரு நூல் வளர்ந்தது. உள்ளே ஒரு தலைவர் நின்றதும் அரை நாளில் வந்துவிட்டது. இந்த முறை சிக்கனமானது, விரைவானது. எனவே இதையே தொடரலாம் என்று பணிவுடன் பரிந்துரைக்கிறேன். சூளையடியில், பெண்கள் சூட்டோடு சாமான் இறக்கும் இடத்தில், மின்விசிறி நின்று இரண்டு கோடை ஆகிறது. தலைவரை அங்கே ஒரே ஒரு மத்தியானம் நிறுத்தி வைக்க அனுமதி தர வேண்டுகிறேன்.'