என் மனைவிக்கு ஓய்வு கொடுத்த கேமரா

கிளெனிஸ் இனிமேல் கேரவனுக்குப் பின்னால் நின்று கை ஆட்ட வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் தனியாக எடுத்த முதல் முடிவு இது. அதன் கதி என்ன ஆயிற்று என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் ஒன்று தோட்டத்தைக் கொத்துவான், இல்லை காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை மாட்டி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிவான். எனக்குத் தோட்டம் ஆகாது.

இழுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முன்னால் போக எந்த மடையனும் போவான். பின்னால் எடுத்து நிறுத்தும்போதுதான் ஒரு குடும்பத்தின் லட்சணம் தெரியும். கேரவன்காரர்கள் வந்து தங்கும் கேரவன் பார்க்கில் சாயங்காலம் புதிதாக ஒரு வண்டி நுழைந்தால் போதும். எல்லோரும் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கையில் பீரோடு உட்கார்ந்துவிடுவார்கள். டிக்கெட் இல்லாத நாடகம். புருஷன் ஸ்டியரிங்கில் இருப்பான். பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். கிளெனிஸ் கை காட்டுவதைப் பார்த்தால் தேன்கூட்டைக் கலைத்தவள் மாதிரி இருக்கும்.

"லெஃப்ட்ல வா மெர்வ்."

"யார் லெஃப்ட்? உன்னுதா, என்னுதா?"

"ரெண்டு பேருக்கும் லெஃப்ட் ஒண்ணுதான்."

"நான் உன்னைத் திரும்பிப் பாத்துல்ல ஓட்டறேன். எப்படி ஒண்ணாகும்?"

"அப்ப நீ இறங்கி என் பக்கத்துல வந்து நில்லு. ஒண்ணாயிடும்."

இதற்கு நாலு பேர் கை தட்டுவார்கள். எனக்கு இல்லை, அவளுக்கு.

மானம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். டாய்லெட் பெட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. கேரவனில் உள் வேலை அவளுக்கு, வெளி வேலை எனக்கு. டாய்லெட் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் கழிவு சேரும் பெட்டியை வெளிப்பக்கச் சிறு கதவு வழியாகத்தான் உருவ வேண்டும். இதை வடிவமைத்தது நிச்சயம் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு, பார்க்கின் கோடியில் போய்க் கொட்டி அலம்பி வருவது நான்தான். மாறி மாறிச் செய்யலாமே என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"வெயில்லயும் மழையிலயும் நான் பின்னால நின்னு கை காட்டறேன் இல்ல? அதுவும் வெளி வேலைதான். இதுக்கு அது சரியாப் போச்சு."

அப்படியா? கை காட்டும் வேலையையே ஒழித்துவிட்டால்? கேமரா வாங்கிவிட்டேன்.

ஹார்ஷமில் எங்கள் வீட்டு வாசலிலேயே மாட்டினேன். வயர் இல்லாத ஜாதி. கேரவனின் முதுகில் கேமரா, காருக்குள் எனக்கு முன்னால் சின்னத் திரை. பின்சுவரில் நான் போட்ட முதல் ஓட்டை கிளெனிஸின் பிஸ்கட் டப்பாவில் போய் முடிந்தது. இரண்டாவது ஓட்டை கச்சிதம். திரையில் எங்கள் தபால்பெட்டி பளிச்சென்று தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இனிமே நீ பின்னால நிக்கவே வேண்டாம் கிளெனிஸ். கையும் காட்ட வேண்டாம், ஒண்ணும் பேசவும் வேண்டாம்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"டாய்லெட் பெட்டி இருக்கே."

அவள் பிஸ்கட் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டாள்.

"நியாயம்தான். அப்ப ஒரே சட்டமா வச்சுக்கலாம். வண்டிய பின்னால எடுத்து நிறுத்தறவங்களுக்குப் பெட்டி கிடையாது. இன்னொருத்தர் தூக்கணும். சரியா?"

"ரொம்ப சரி."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறினா என் பேரு மெர்வ் இல்ல."

சண்டை போடாமல் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டது கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

கடற்கரை ஊரான ரோபுக்குப் போனோம். பார்க்கில் நுழைந்ததும் வழக்கம்போல நாற்காலிகள் திரும்பின. கிளெனிஸ் இறங்கினாள். டீக் குவளையோடு ஒரு நாற்காலியை விரித்து, கூட்டத்தின் நடுவில், பெவன் என்கிற தாடிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

திரை கறுப்பாக இருந்தது. கேமராவோடு வந்த காகிதத்தைப் பார்த்தேன். படம் தெரியாவிட்டால், தெரியும்வரை சேனல் பட்டனை அமுக்கவும் என்று போட்டிருந்தது. அமுக்கினேன். படம் வந்தது. பச்சைப் புல்வெளி. நடுவில் ஒரு மாக்பை பறவை. வேறு எந்தத் தடையும் இல்லை.

பின்னால் எடுத்தேன். படம் இம்மிகூட ஆடவில்லை. என் கை அவ்வளவு நிதானம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்த மாக்பையும் நகரவில்லை. இவ்வளவு பெரிய கேரவன் நெருங்கி வருகிறது, அது பாட்டுக்குப் புல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறது. தைரியசாலிப் பறவை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ ஏதோ கத்தினார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கையை ஆட்டினேன்.

அப்போதுதான் 'மடார்' என்றது. தண்ணீர்க் குழாயை அதன் கம்பத்தோடு சாய்த்திருந்தேன். கேரவன் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. திரையில் மாக்பை இன்னும் நனையாமல் நின்றுகொண்டிருந்தது.

பெவன் ஓடிவந்து கார் ஜன்னல் வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"அட, இது என் கேரவனோட கேமரா காட்டற படமாச்சே. என்கிட்டயும் இதே மாடல்தான். இந்த மாக்பைக்கு இப்பத்தான் சாசேஜ் துண்டு போட்டேன்."

நான் சொட்டச் சொட்டக் கிளெனிஸ் முன்னால் போய் நின்றேன்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பேசவே வேண்டாம்னு நீதானே சொன்னே. பெவன்தான் பாவம், கத்திப் பாத்தார்."

நுணல் தன் வாயால் கெட்டது. பார்க் மேனேஜர் வந்து தண்ணீரை நிறுத்தினார். இருட்டுவதற்குள் பக்கத்து இடத்துக்கு மாற்றிவிடச் சொன்னார். நான் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

கிளெனிஸ் டீக் குவளையை என் கையில் கொடுத்தாள். காரில் ஏறினாள். திரையை அணைத்தாள். பக்கக் கண்ணாடிகளை இரண்டு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். கேரவன் ஒரே வளைவில், இரண்டு மரங்களுக்கு நடுவே, அளவெடுத்து வைத்ததுபோல் போய் நின்றது. பார்க்கே எழுந்து நின்று கை தட்டியது. பழக்க தோஷத்தில் நானும் தட்டினேன். டீ கொட்டிவிட்டது.

"எங்க கத்துக்கிட்டே இதை?"

"எங்கப்பா பண்ணையில. சின்னப் பொண்ணா இருக்கும்போதே கோதுமை டிரெய்லரைக் கொட்டகைக்குள்ள பின்னால எடுக்கறது நான்தான்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை. பெட்டியும் நீதான் தூக்கிக்கிட்டு இருந்தே. எனக்கு என்ன குறை?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்கு ஓட்டையும் போட்டு, திருகாணியும் முடுக்கியிருக்கிறேன். ஸ்டியரிங்காவது என்னிடம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது, சட்டப்படி பெட்டி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

மறுநாள் காலையில் பெட்டியை உருவிக்கொண்டு கிளம்பினேன். கிளெனிஸ் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேனலைப் பெவன் சரிசெய்து கொடுத்திருந்தார். திரை ஓடிக்கொண்டிருந்தது. கேரவனுக்குப் பின்னால் பத்தடி போயிருப்பேன், கார் ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது.

"கேமரா பிரமாதம் மெர்வ். நீ பெட்டி மூடியைச் சரியா மூடாததுகூடத் தெரியுது."