அர்லிஸுக்கு ஓட்டுப் போடாதே, டெல்மார்

ஹாவெல், தெற்கு டகோட்டா
அக்டோபர் 14

அன்புத் தம்பி டெல்மாருக்கு அண்ணன் வெர்லின் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். அரிசோனா வெயிலில் நீயும் பேவர்லியும் இதமாகக் காய்ந்து சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

முதல் விஷயம். போன வாரம் என் பெயரில் உனக்கு வந்த பத்தொன்பது மின்னஞ்சல்களில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. "டெல்மார், கண்ணீரோடு எழுதுகிறேன்" என்றது நானல்ல. "மாலைக்குள் ஐந்து டாலராவது வராவிட்டால் எல்லாம் முடிந்தது" என்றதும் நானல்ல. பேவர்லி பயந்துபோய் நம் பாதிரியாருக்குப் போன் போட்டு "இவர் அண்ணனுக்கு மூளை கீளை கலங்கிடுச்சா?" என்று கேட்டாளாம். அவர் ஒரு தட்டு நிறைய மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சுட்டு எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வாசலில் வந்து நின்றார். நன்கொடைக்காக வடித்த அந்தக் கண்ணீரெல்லாம் விட்னி பார்லோவுடையது. உன் அண்ணி அர்லிஸின் தேர்தல் பிரசாரத்தை நடத்தித் தருவதற்கென்றே வாஷிங்டனிலிருந்து வந்து, நாலு மாதமாக நம் துணி துவைக்கும் அறையில் ஆபீஸ் போட்டிருக்கிறாள்.

எல்லாம் மார்ச்சில் ஆரம்பித்தது. உனக்கே தெரியும், அர்லிஸ் முப்பத்தொரு வருஷம் நர்ஸாகப் பிரசவம் பார்த்த வார்டை இழுத்து மூடிவிட்டார்கள். இனிமேல் வலி எடுத்தால் சியூ ஃபால்ஸுக்குத் தொண்ணூறு மைல். அர்லிஸ் நம் செனட்டர் கிரான்ட் ஹோலிஸ்டருக்குப் பதினோரு கடிதம் எழுதினாள். பதினோரு பதில் வந்தது. எல்லாம் ஒரே பதில்: கோதுமை விலையில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி. அடுத்த ஞாயிறு சர்ச்சில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையை டங்கென்று வைத்துவிட்டு, "நானே போறேன்" என்றாள். வீட்டுக்குப் போகிறாளாக்கும் என்று நான் கோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் சொன்னது செனட்டுக்கு.

விட்னி வந்த அன்றே சமையலறை மேஜையில் தாள்களைப் பரப்பினாள். "கருத்துக்கணிப்புல இருபத்திரண்டு புள்ளி பின்னாடி இருக்கோம். மேடத்தைத் தெரிஞ்சவங்களுக்குப் பிடிக்குது. ஆனா சார், உங்க போட்டோவைக் காட்டினா ஜனங்க ஒரு மாதிரி ஆகிடுறாங்க. கடுகடுன்னு இருக்கீங்களாம்." பொறந்ததிலிருந்து மூஞ்சி இப்படித்தாம்மா, முப்பது வருஷம் இந்த மூஞ்சியோடதான் தபால் கொடுத்தேன், ஒருத்தரும் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கலைன்னு சொன்னேன். விடலையே. கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு சிரிக்கப் பழக்கினா. அடுத்த கூட்டத்துல அப்படியே சிரிச்சேன், மூணு பேர் பல் டாக்டர் நம்பர் கொடுத்துட்டுப் போனாங்க.

அப்புறம் வசூல். தினம் நாலு மணி நேரம் பணக்காரங்களுக்குப் போன் பண்ணிக் கேட்கணுமாம். மூணு பேங்க் வச்சிருக்கானே கர்ட்டிஸ் ஹாகன், அவனுக்குப் போன் போட்டுக் கொடுத்தா விட்னி. அவன் பொண்ணுக்கு எட்டு மாசமாம், கால் வீங்கியிருக்காம். அர்லிஸ் ஐம்பது நிமிஷம் காலைப் பத்தியே பேசினா. விட்னி ஒரு அட்டையில 'பணம்!'னு எழுதி மூஞ்சிக்கு நேரா ஆட்டுறா. அர்லிஸ் அட்டையை ஒதுக்கிட்டு, "உப்பைக் குறைக்கச் சொல்லுங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்"னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டா.

"மேடம், அஞ்சாயிரம் டாலர் கேட்கத்தானே கூப்பிட்டோம்!"

"பொண்ணுக்குக் கால் வீங்கிக் கிடக்கு, அந்தப் பயத்துல இருக்கிற அப்பன்கிட்ட காசு கேட்கச் சொல்றியா? உனக்கு வீடு வாசல் இருக்கா இல்லையா?"

விட்னி வாஷிங் மெஷின் மேல தலையைச் சாய்ச்சா. பட்டன் அமுங்கி அது ஓட ஆரம்பிச்சிடுச்சு.

இதுவரைக்கும் நான் நிம்மதியாத்தான் இருந்தேன் தம்பி. ஆனா போன செவ்வாய்க்கிழமை டிவி விவாதத்துல அந்த ஹோலிஸ்டர் சும்மா இருக்கக் கூடாதா? "செனட் ஒண்ணும் பிரசவ அறை இல்லம்மா"ன்னான். இவ அசரலை. "ஆமாங்க, பிரசவ அறையில ஒன்பது மாசத்துல ஏதாவது ஒண்ணு வெளியே வந்துடும். நீங்க பதினெட்டு வருஷமா உள்ளேயே இருக்கீங்க."

அவ்வளவுதான். கேட்காத இடத்திலிருந்தெல்லாம் பணம் கொட்டுது. இப்ப மூணே புள்ளிதான் பின்னாடி. "ஜெயிக்கக்கூடிய வேட்பாளர்!"னு விட்னி என் நாயைத் தூக்கிட்டு ஆடுறா.

தோக்கப்போற வேட்பாளருக்குப் புருஷனா இருக்கத்தான் நான் சரின்னு சொன்னேன், டெல்மார். ஜெயிச்சா வாஷிங்டன். அங்கே காட்டுக்கோழி உண்டா, சோளக்காடு உண்டா? இப்பவே அவ ஊர் ஊராப் பிரசாரத்துக்குப் போயிடுறா, நான் மூணு வேளையும் கிண்ணத்துல கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டிப் பாலை ஊத்திச் சாப்பிடுறேன். நாற்பத்தொரு வருஷத்துல அவ இல்லாத வீடு இவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாது. அதனால உன் கையைப் பிடிச்சுக் கேட்கிறேன். உங்க ரெண்டு பேர் ஓட்டும் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கு, தபால்லதான் போடுவீங்க. ரெண்டையும் ஹோலிஸ்டருக்குப் போட்டுடுங்க. யார் பார்க்கப் போறா?

பேவர்லியின் முழங்கால் குணமாகவும், உன் கோல்ஃப் பந்துகள் தண்ணீரில் விழாதிருக்கவும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வெர்லின் ட்வெட்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வடக்குப் பண்ணை டானர் வைஸும் அவன் மனைவி ஜோலினும். சியூ ஃபால்ஸ் வரை தாங்காது என்று அர்லிஸைத் தேடி வந்திருக்கிறார்கள். அவளோ ராப்பிட் சிட்டியில் மேடையில் இருந்தாள். போன் போட்டேன். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "கை கழுவினீங்களா? நல்லாக் கழுவுங்க. இழுக்காதீங்க. அதுவா வரும், நீங்க சும்மா ஏந்துங்க" என்றாள். வண்டியின் பின்சீட்டில், இந்த இரண்டு கையில், ஏந்தினேன். பெண் குழந்தை. என்னைப் பார்த்து அவள் கத்திய கத்தலில் டானர் மயங்கி விழுந்தான். தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன், இருவரும் சௌக்கியம்.

வேறு கடிதம் எழுதலாமென்றால் தபால் வண்டி கிளம்புகிற நேரமாகிவிட்டது. ஆகையால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். இரண்டு ஓட்டும் அர்லிஸுக்கு. இன்றைக்கே போடு. ஹோலிஸ்டருக்கு ஏற்கெனவே போட்டுத் தொலைத்திருந்தால், சாகும்வரை என்னிடம் சொல்லாதே.