என் பூட்டனார் பிறக்காத ஊர்

வெளியூரில் பல வருஷமாகக் குடியிருக்கிற எவனுக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருக்கும். "நீங்க எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், அவர் அடுத்த கேள்வியே கேட்க முடியாதபடி ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அது. எனக்கு அந்த ஆசை சற்று அதிகம். புனேயில் வாகட் பக்கம் சொந்த ஃப்ளாட், மராத்தியில் காய்கறி பேரம், கணபதி உற்சவத்துக்குத் தவறாமல் சந்தா என்று எல்லாம் இருந்தும் எங்கள் குடியிருப்பில் நான் 'சவுத்வாலே'தான். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. லிஃப்டில் பார்த்தால் இட்லி மாவு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். (எனக்கு எங்கே தெரியும்? அது என் மனைவி சுமதியின் இலாகா.)

இப்படிப்பட்டவன் கையில்தான் வம்சாவளி தேடித் தரும் ஒரு இணையதளம் கிடைத்தது.

எங்கள் கம்பெனி பஸ் ஹிஞ்சவாடியிலிருந்து வாகட் வந்து சேருவதற்குள், பக்கத்தில் நடந்து போகிறவர்கள் வீட்டுக்குப் போய் டீயும் குடித்திருப்பார்கள். அந்த நேரத்தில் சிலர் தூங்குவார்கள், சிலர் மேனேஜரைத் திட்டுவார்கள். நான் முன்னோர்களைத் தேடினேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கோயமுத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போடுவேன். அவர் பெயரும் ஊரும் சொல்லச் சொல்ல, நின்ற வாக்கில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செல்போனில் தட்டிவிடுவேன். குடும்ப மரம் கிளை விட்டது. அப்புறம் ஆபீஸில் ஒரு புராஜெக்ட் வந்து கழுத்தை நெரித்ததில் மரத்தை அடியோடு மறந்துபோனேன்.

சில மாதம் கழித்து அந்த இணையதளம் வழியாக எனக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் ஸ்வப்னாலி, ஹடப்சரில் ஐ.டி. வேலை பார்க்கும் மராத்திப் பெண்.

"உங்கள் மரத்தில் ராமு, தகப்பனார் கிருஷ்ணா, பிறந்த ஊர் ஆளந்தி, புனே மாவட்டம் என்று இருக்கிறது. என் மாமனாருடைய தாத்தாவுக்கு ராமு என்று ஒரு அண்ணன் இருந்தார். அவருடைய தகப்பனார் பெயரும் கிருஷ்ணா. ஆளந்தியிலிருந்து கோபித்துக்கொண்டு மதராஸ் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. நீங்கள் அவர் வழியா?"

மரத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது! என் பூட்டனார் ராமு. பிறந்த இடம்: ஆளந்தி, புனே, மகாராஷ்டிரா, இந்தியா. எனக்குப் புல்லரித்துவிட்டது. ராமு, கிருஷ்ணா என்பவை எந்த பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. இத்தனைக்கும் என் உத்தியோகமே மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான். (சம்பளம் கொடுத்தால்தான் அந்த மூளை வேலை செய்யும் போலிருக்கிறது.)

"ஏனுங்க, எதுக்கும் மாமாவ ஒருவாட்டி கேட்டுட்டுப் பேசுங்க. பூட்டன் மராத்திக்காரருன்னா இத்தன நாள்ல ஒருத்தராச்சும் சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றாள் சுமதி. அவள் பொள்ளாச்சிக்காரி. எதையும் நிதானமாக யோசிப்பாள். அது எனக்குப் பிடிக்காது.

இருந்தாலும் கேட்டேன். மறுநாள் பஸ்ஸில் வரும்போது, "அப்பா, நம்ம பூட்டனார் ஆளந்தியிலயா பொறந்தாரு?" என்று கத்தினேன்.

"ஆமாண்டா, ஆலாந்…" என்றார் அப்பா. அதோடு லைன் போய்விட்டது.

'ஆமாண்டா' வந்துவிட்டது. 'ஆலாந்' வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? லகரமா ளகரமா என்றெல்லாம் போன் கம்பெனியா பார்த்து அனுப்பப் போகிறது? அன்று சாயங்காலம் லிஃப்டில் இட்லி மாவைப் பற்றிக் கேட்டவரிடம், "நாங்க ஆளந்திக்காரங்க. நடுவுல கொஞ்ச காலம் தெற்க போயிருந்தோம்" என்றேன். நான் நினைத்தபடியே அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. (என்னைப் பார்த்துக்கொண்டே தன் மாடிக்கு முந்தின மாடியில் இறங்கிக்கொண்டார்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா மைசூர்பாவோடு நாங்கள் இருவரும் ஆளந்திக்குக் காரில் கிளம்பினோம். ஸ்வப்னாலி குடும்பத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்திராயணி ஆற்றுப் படித்துறையிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவர்கள் வீட்டு முன் இறங்கியபோது, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. வாசலில் கோலம், உள்ளே ஜமுக்காளம் கொள்ளாத கூட்டம். பிம்ப்ரியிலிருந்தெல்லாம் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள். ஒருவர் காவி நிறத்தில் நீளமான துணியைக் கொண்டுவந்து என் தலையைச் சுற்றிச் சுற்றித் தலைப்பாகை கட்டினார். சால்வையும் தேங்காயும் வந்தன.

ஸ்வப்னாலியின் மாமனார் தானாஜி காகா (அவர்கள் ஊரில் சித்தப்பாவுக்குக் காகா என்று பெயர்) வயதானவர், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காதைப் பாருங்க! நம்ம வீட்டுக் காது!" என்றார். கூட்டம் முழுவதும் அதை ஆமோதித்தது. நானே காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சற்றே மராத்தித்தனமாகத்தான் இருந்தது.

பூரண்போளி மிதக்க மிதக்க நெய் ஊற்றினார்கள். மூன்றாவது போளியில் காகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மராத்தியில் மெதுவாகப் பேசினார்.

"ராமு ஏன் வீட்டை விட்டுப் போனார் தெரியுமா? ஒரு ஜோடி மாடு. அண்ணனுக்குச் சேர வேண்டியதை எங்க தாத்தா தரமாட்டேன்னுட்டார். கடைசி காலத்துல அதையே சொல்லிச் சொல்லி அழுவார். அண்ணன் வந்தா நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணும்பார். அவர் வரல. நீ வந்திருக்கே. அவருக்காக நான் கேக்கறேன், மன்னிச்சுடு."

கை கூப்பிவிட்டார். கண்ணில் தண்ணீர். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கலாம். செய்யவில்லை. தலைப்பாகை கட்டியவனுக்கு வரும் பெருந்தன்மை எனக்கும் வந்தது. அவர் கையைப் பிடித்து, "விடுங்க காகா. பழசையெல்லாம் எங்க பக்கம் எப்பவோ மறந்துட்டோம்" என்று என் பூட்டனார் சார்பில் மன்னித்தேன். சுற்றிலும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுமதி மட்டும் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே உன் அப்பாவையும் பார்க்க வேண்டும் என்றார் காகா. ஸ்வப்னாலி என் போனை வாங்கி, வீடியோ காலில் எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்த்தி வைத்தாள். அப்பா பனியனோடு வந்தார்.

"என்னடா தலையில துண்டக் கட்டியிருக்கற?"

நடந்ததைச் சொன்னேன். அப்பாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, ஆனால் குரல் மட்டும் நன்றாக இருக்கும்.

"ஆளந்தியா? அது எங்கடா இருக்குது? நா ஆலாந்துறைன்னல்லடா சொன்னேன்! பேரூரத் தாண்டி, சிறுவாணி போற ரோட்டுல இருக்குதல்லொ, அந்த ஆலாந்துறை! எங்க பாட்டனாரு அந்த ஊர விட்டு கோயமுத்தூருக்கு வந்ததே பெரிசு. அவரெங்க புனேக்குப் போறது?"

'ஆலாந்' என்ற சத்தம் காதில் விழுந்ததும் காகா துள்ளி எழுந்தார். "ஆளந்திங்கறார்! கேட்டீங்களா? ஆளந்திங்கறார்!" வீடு முழுக்கக் கைதட்டல். அப்பாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். என்ன சொன்னார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள்.

"ரொம்ப சந்தோஷம்கறார்" என்று மொழிபெயர்த்தேன்.

சுமதி என் காதோரம் குனிந்தாள். "அந்தப் பெரியவரு மூஞ்சியப் பாத்துட்டும் பொய் சொல்றீங்களே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

அவளுக்கு மராத்தி என்னைவிட நன்றாக வரும். அதனால் நானே சொல்ல முடிவு செய்தேன். எழுந்து நின்றேன். ஆலாந்துறை என்று வேறொரு ஊர் இருப்பதையும், அது இங்கிருந்து ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய தூரம் என்பதையும் சொல்லி முடித்தேன். தலைப்பாகைக்குள் வியர்த்தது. எங்கிருந்தோ குக்கர் ஒன்று விசில் அடித்தது.

ஸ்வப்னாலிக்கு மட்டும் புரியவில்லை. "அப்படின்னா உங்க மரத்துல ஆளந்தின்னு யார் போட்டது?" என்று கேட்டுக்கொண்டே தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நானும் அதையேதான் கேட்க நினைத்தேன். பொறுப்பில்லாமல் இப்படிப் பதிவு போடுகிறவர்களை என்ன செய்வது என்று கோபமாகக்கூடச் சொன்னேன். அவள் திரையைக் கீழே தள்ளினாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள்.

பதிவு செய்தவர்: செந்தில்குமார். அதாவது நான்.

ஆலாந் வரைக்கும் தட்டியிருப்பேன். பஸ் பிரேக் போட்டிருக்கும். இணையதளம் காட்டிய பட்டியலில் முதலில் வந்து நின்ற ஊரைத் தொட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பேன். அதே ஊரை நாலு மாதம் கழித்து நானே பார்த்துப் புல்லரித்திருக்கிறேன்.

தலைப்பாகையைக் கழற்றப் போனேன். "இரு" என்றார் காகா. எழுந்து வந்து, அவிழ்ந்த முனையைத் திரும்பச் செருகிவிட்டார்.

"நீ மன்னிச்சுட்டேன்னு சொன்னியே, அது உன் வாயாலதானே சொன்னே?"

"ஆமா காகா. ஆனா அது…"

"கொடுத்ததைத் திருப்பி வாங்கக்கூடாது. எங்க தாத்தாவுக்கு இதைச் சொல்ல வேற ஆள் கிடையாது." சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். "அதோட ஊர் பூரா போன் பண்ணி அண்ணன் வம்சம் வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். திரும்ப எல்லாருக்கும் போன் பண்ணி இல்லைன்னு சொல்ல என்னால முடியாது. நீ பேசாம உக்காந்து போளியைச் சாப்பிடு."

உட்கார்ந்தேன். நாலாவது போளி தொண்டையில் இறங்கியது எனக்கே ஆச்சரியம். திரும்பி வரும்போது காரில் சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போசரியில் ஆரம்பித்தவள் வாகட் சிக்னல் வரை நிறுத்தவில்லை.

மறுநாளே மரத்தில் ஊரைத் திருத்திவிட்டேன். ஆனால் காகா வீட்டில் எதையும் திருத்திக்கொள்ளவில்லை. அங்கே பெயர் சூட்டு விழா, கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் எனக்கு அழைப்பு உண்டு, தலைப்பாகையும் உண்டு. போன தையில் அவர் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில் அழைப்பவர்கள் வரிசையில் என்னையும் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வெறும் இனிஷியல்தான் என்றேன். அப்படி ஒரு மனிதன் இருக்கவே முடியாது என்று சொல்லி, ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்க்கும் தங்கள் வழக்கப்படி எனக்கும் ஒரு பெயர் வைத்தார். அச்சகத்துக்கு அதைப் போனில் சொல்லியிருக்கிறார். பத்திரிகை வந்தபோது அதில் நான் 'செந்தில்குமார் கேமத்தூர்கர்'.

அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன். அவருக்கு மிகுந்த வருத்தம். "கோயமுத்தூரக் கேமத்தூர்னு போட்டிருக்காங்களே! சொல்லித் திருத்தச் சொல்லுடா."

சுமதி போனைப் பிடுங்கினாள். "வேண்டாங்க மாமா. இவரு திருத்தறேன்னு போனாருன்னா ஒரு மன்னிப்பக் குடுத்துட்டு வந்துருவாரு."

இப்போது என் வீட்டில், சரியாக விசாரிக்காமல் நான் அடித்துப் பேசும்போதெல்லாம் யாரும் என்னோடு வாதாடுவதில்லை. "சரிங்க, கேமத்தூர்கர்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.