மேஜைக்கடியில் நடந்த வைத்தியம்

பீர்மேட்டு மலையில் மனிதனுக்கு வரக்கூடிய சகல நோய்களுக்கும் எங்கள் எஸ்டேட் கம்பவுண்டரிடம் ஒரே மருந்துதான் உண்டு: சிவப்பு மிக்ஸ்சர். பல்வலிக்குக் குடிக்கச் சொல்வார். சுளுக்குக்குத் தடவச் சொல்வார். ஒருமுறை மாட்டுக்கும் கொடுத்தார். மாடு பிழைத்துக்கொண்டது.

ஜெர்மன் சண்டையில் விமானம் ஓட்டியவர் ஒருவர் எங்களுக்குச் சின்னத் துரையாக வந்தார். முதல் நாளே ஃபாக்டரி எஞ்சின் 'டப்'பென்றதும் ஆபீஸ் மேஜைக்கடியில் புகுந்து நடுங்கினார். மாசக் கடைசிக்குள் தேறாவிட்டால் சீமைக்கே கப்பலேற்றிவிடுவதாகப் பெரிய துரை சொல்லிவிட்டார்.

ஆபீஸ் ரைட்டரான நான் அவரை வெளியே இழுக்கப் போனேன். "சும்மா இரும்வே!" என்று அதட்டினார் கம்பவுண்டர். தொப்பையை அமுக்கிக்கொண்டு தாமும் உள்ளே நுழைந்தார். துரை பக்கத்தில் சம்மணம் போட்டு வெற்றிலையை நீட்டினார்.

அன்றுமுதல் தினம் பத்து மணிக்கு இருவரும் மேஜைக்கடியில். எரிந்து விழுந்த விமானத்தையும் அதற்குள் சிக்கிய சிநேகிதனையும் பற்றித் துரை பேசுவார். கம்பவுண்டருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ் சார்' மட்டுமே.

"நான் தமிழ்ல சொல்லட்டுமா?" என்றேன்.

"நீரு போம்வே. எனக்குப் புரியாதுன்னுதான் அவரு பேசுதாரு."

துரை அழுதால் இவரும் அழுதார்.

"என்ன புரிஞ்சு அழுதீரு?"

"பக்கத்துல இருக்கவன் அழுதா, அகராதியா பாப்பாக?"

மூன்றாம் வாரம் துரை நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். ஆபீஸை விட்டு வெளியேதான் வரவில்லை.

மாசக் கடைசியில் வினை வந்தது. கீழ் டிவிஷனுக்கு நடக்கச் சோம்பி, தேயிலைப் பெட்டி இறங்கும் கம்பிவடத் தொட்டியில் ஏறினார் கம்பவுண்டர். பள்ளத்துக்கு மேலே நடுவழியில் சக்கரம் சிக்கிக்கொண்டது.

"எம் பொஞ்சாதிகிட்ட சொல்லிருங்கவே!" என்ற அலறல் மலையெங்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

அலறல் கேட்டு ஓடிவந்தவர் சின்னத் துரை. பள்ளத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கப்பியைக் கம்பியில் மாட்டி, அந்தரத்தில் இறங்கிவிட்டார். சுத்தியலால் ஓங்கி அடித்தார். சக்கரம் துப்பாக்கி வெடித்தாற்போல 'டப்'பென்று விடுபட்டது. துரையின் கை ஆடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் குலவையிட்டார்கள். பெரிய துரை தொப்பியை வானத்தில் வீசினார்.

கரையேறிய கம்பவுண்டர் என்னைப் பார்த்து, "எப்படிவே நம்ம வைத்தியம்?" என்றார், பல் தந்தியடிக்க.

கேலியாகச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவர் வேட்டியில் அப்பியிருந்த கிரீஸை என் மேல்துண்டால் துடைத்துவிட்டேன்.