ஜூன் மாதத்தில் காய்ந்த மலை

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கான போன வருட மழை அட்டவணையில் பார்க்கும் இடமெல்லாம் வெற்றுக் கட்டம். தோட்ட ஆபீசில் சின்னக் கிளாக்கரான பிரதாப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன வருடம் மழை அதிகம் பெய்த டிவிசனின் லயங்களுக்குத்தான், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத்தான், இந்த வருடம் கூரைத் தகரம் என்று தோட்டத்தில் முடிவாகியிருந்தது. அவன் குடும்பம் இருப்பது மேல் டிவிசனில். ஒழுகும் கூரைக்குக் கீழே அவன் கைக்குழந்தை நெஞ்சுச் சளியோடு கிடந்தது.

"வெறுமையா அனுப்பினா கொம்பனி ஏற்காது, தம்பி. இண்டைக்கே நிரப்பித் தாரும்," என்றார் பெரிய கிளாக்கர் நடராசா.

"மழை அளந்தவரு எங்க மாமனாருங்க. போன மாசம் போய்ச் சேந்துட்டாரு. யாரைங்க கேக்குறது?"

"கம்ப்யூட்டரைக் கேளும்."

கேட்டான். ஹட்டனில் கோர்ஸ் படித்தபோது கையோடு கொண்டுவந்த புரோகிராம். எழுதிய நாட்களைப் பார்த்துப் பழகி, எழுதாத நாட்களைத் தானே ஊகித்து நிரப்பும். நிரப்பியது. முதலாவதாக வருமென்று அவன் நம்பியிருந்த மேல் டிவிசன் இரண்டாமிடத்துக்கு இறங்கியது.

"கையால கூட்டி எழுதிப்போடாதையும். அது உம்மட லயமெண்டு எல்லாருக்கும் தெரியும்," என்றார் நடராசா.

பிரதாப்புக்கு அந்தத் துணிச்சலெல்லாம் கிடையாது. இன்னும் படித்தால் அதற்குப் புத்தி வரும் என்று, மாமனார் அளந்த பழைய வருடங்களையும் ஊட்டினான். மூன்றாமிடம். ஒவ்வொரு மாதத்தின் வெற்று நாட்களையும் அதே மாதத்தில் எழுதிய நாட்களைக்கொண்டு நிரப்பச் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியாமல் ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஜூன்தான் வருடத்திலேயே காய்ந்த மாதம். நாலு டிவிசனில் மேல் டிவிசனுக்கு நாலாமிடம்.

அவன் பழையபடி மாற்றுவதற்குள் நடராசா அதையே அனுப்பிவிட்டார்.

லொறி வந்து தகரத்தையெல்லாம் கீழ் டிவிசனில் இறக்கிவிட்டுப் போனது. அன்று சாயந்தரம் பிரதாப் தொப்பலாக நனைந்து வீடு வந்தான். குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் சொட்டிச் சொட்டி நிறைந்திருந்த செம்புக் குவளையை மனைவி வினோதா வாசலில் ஊற்றிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

பிரதாப் சட்டையைப் பிழிந்தான். "ஒங்கப்பா எதுக்குத்தான் அத்தன நாளு அளக்காம விட்டாரோ. அவரு எழுதியிருந்தா நமக்குத் தகரம் கெடைச்சிருக்கும்."

"அடிச்சு ஊத்துற அன்னிக்கு எப்பிடிங்க அளப்பாரு?" என்றாள் வினோதா. "அன்னிக்கெல்லாம் மழை அளக்குற இந்தக் குவளையத் தூக்கியாந்து நம்ம ஒழுக்குக்குக் கீழல்ல வெச்சிருவாரு."