முன் அனுமதி பெற்ற முட்டை

"உங்களை யார் அனுப்பிச்சாங்க?" என்று அலுவலர் தண்டாயுதபாணி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஆரும் அனுப்பலீங்க. நானாத்தான் வந்தேனுங்க" என்று கந்தப்பனும் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

தண்டாயுதபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கந்தப்பனைப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த துணிப் பையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார், இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று.

அலுவலகம் சூரமங்கலத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒரு தொழிலுக்கென்று விற்கிற இரசாயனத்தை வேறு ஏதாவது புது உபயோகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று எழுபத்தாறில் ஓர் உத்தரவு வந்தது. அதற்காகத் தொடங்கிய பிரிவு அது. சாயப் பட்டறைச் சரக்கு வெல்லக் கொப்பரைக்குப் போவதும், தோல் பதனிடுகிற சரக்கு வேறு எங்கோ போவதும் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் அனுமதி கேட்டு அந்த மாடிப்படி ஏறியவர் ஒருவர்கூட இல்லை. கந்தப்பன்தான் முதல் ஆள்.

"அதான் எனக்கு இடிக்குது" என்றார் தண்டாயுதபாணி. "தப்புப் பண்றவன் இங்க வரமாட்டான். தப்புப் பண்ணாதவனுக்கு இங்க வேலையே இல்ல. அப்ப நீங்க யாரு?"

"சேந்தமங்கலமுங்க. கோழிப் பண்ணை" என்றார் கந்தப்பன்.

நானூறு கோழி வைத்திருந்தார். வருஷம் பூராவும் அவற்றுக்குத் தீனி போட்டுக் காப்பாற்றிவிடலாம். புரட்டாசி மாதம்தான் வம்பு. ஊரே முட்டையைத் தொடாது. கோழிகளுக்கு அது புரட்டாசி என்று தெரியாததால் அவை வழக்கம்போல இட்டுக்கொண்டிருக்கும். முட்டை வியாபாரி வெள்ளியங்கிரி வந்து, பிணத்தைப் பார்ப்பதுபோல அட்டைகளைப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். போன புரட்டாசிக்கு அப்புறம் கந்தப்பன் ஐந்நூறில் நூறு கோழியை விற்றுத்தான் மற்றவற்றுக்குத் தீனி வாங்கினார். இன்னொரு புரட்டாசி அப்படிப் போனால் பண்ணையே இருக்காது.

இராசிபுரத்தில் சோப்புக் காய்ச்சுகிற ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். சோப்பில் சேர்க்கிற சிலிகேட் என்று ஒரு சரக்கு, தேன் மாதிரி கெட்டியாக, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதைத் தண்ணீர்விட்டுக் கலக்கி முட்டையை முக்கி எடுத்தால் ஓட்டிலிருக்கிற பொடி ஓட்டையெல்லாம் அடைபட்டுப்போகும், மாதக்கணக்கில் கெடாது என்றார். கந்தப்பன் ஒரு டின் வாங்கி வந்தார். மூடியைத் திறக்கும்போதுதான் பேப்பரில் அந்த அரசாங்க அறிவிப்பு கண்ணில் பட்டது. படித்துவிட்டு மூடியைத் திரும்ப அழுத்தி மூடினார்.

"முட்டையை முக்கறதுக்குச் சர்க்காரைக் கேக்கோணுமா? ஊர்ல எவனாச்சும் எதையாச்சும் கேட்டுக்கிட்டா பண்றான்?" என்றாள் மனைவி கண்ணாத்தாள்.

"பேப்பர்ல போட்டிருக்குது புள்ள. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

"ஒரே ஒரு முட்டையை முக்கிப் பாக்கலாமுங்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

"முன் அனுமதின்னா முன்னாடி வாங்கறது" என்றார் கந்தப்பன்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் தண்டாயுதபாணி இப்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தைப் பிரித்தார். 'புதிய உபயோகம்' என்ற இடத்தில், 'முட்டை கெடாமல் இருக்க' என்று எழுதியிருந்தது.

"கெட்ட முட்டையை நல்ல முட்டைன்னு விக்கறதுக்குத் திட்டமா?"

"அய்யோ, இல்லீங்க. நல்ல முட்டை கெடாம இருக்கறதுக்குங்க. பாருங்க, எல்லாம் நேத்து இட்டதுங்க." கந்தப்பன் பையிலிருந்து பன்னிரண்டு முட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தண்டாயுதபாணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "என்ன இது? எனக்கு முட்டை குடுக்கறீங்களா?"

"குடுக்கலீங்க. காட்டறேனுங்க."

"காட்டின முட்டையைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போவீங்களா, இங்கயே வெச்சுட்டுப் போவீங்களா?"

எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் என்ன குற்றம், வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் என்ன குற்றம் என்று கந்தப்பனுக்கு விளங்கவில்லை. "நீங்க சொல்றபடி செய்யறேனுங்க" என்றார். அது இரண்டையும்விட மோசமான பதிலாகப் போயிற்று.

கடைசியில் முட்டைகள் லஞ்சம் இல்லை, மாதிரி என்று பதிவேட்டில் ஏறின. தண்டாயுதபாணியின் கண்ணெதிரே அவை சிலிகேட்டில் முக்கிக் காயவைக்கப்பட்டன. ஒவ்வொரு முட்டையிலும் அவர் அழியாத காப்பி பென்சிலால் கையெழுத்துப் போட்டார். கூடையில் உமி பரப்பி, முட்டைகளை அடுக்கி, அலமாரியில் வைத்தார்கள். இருபது நாள் கழித்து உடைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவள் பெருமாயி. அந்த அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் வைக்கிறவள். கந்தப்பன் வந்ததிலிருந்து அவரை எந்த ஊர், யார் அனுப்பியது என்று கேட்காத ஒரே ஆளும் அவள்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "குடிங்க சாமி, வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

மாடிப்படி இறங்குகிற இடத்தில் கந்தப்பன் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அந்த முட்டையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. எம்பட பொழப்பே அதுலதான் இருக்குது."

"நீங்க தைரியமாப் போங்க சாமி" என்றாள் பெருமாயி.

கந்தப்பனால் தைரியமாக இருக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நாமக்கல் பஸ் நிலையத்தில் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். "எங்கீங்க?" என்று கேட்டதற்கு, "சேலத்துக்குத்தான்" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பு கந்தப்பனுக்குப் பிடிக்கவில்லை. சேலத்தில் அவருக்கு என்ன வேலை? புரட்டாசியில் முட்டை கெடாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? அலமாரியைத் திறந்து நல்ல முட்டையை எடுத்துவிட்டுக் கூமுட்டையை வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தரம் சூரமங்கலம் போனார். டயர் கடைக்கு எதிரே நின்று, மாடி ஜன்னலில் தெரிகிற அலமாரியின் மேல்பாதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். டவுன் பஸ் வந்து போகும். அவர் ஏற மாட்டார்.

தண்டாயுதபாணியும் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு தாளில் தேதியும் நேரமும் எழுதி வைத்தார்.

இருபதாம் நாள் கூடையை இறக்கினார்கள். தண்டாயுதபாணி ஒரு முட்டையைத் தட்டிக் கிண்ணத்தில் ஊற்றினார். மஞ்சள்கரு உருண்டையாக, மேடாக, அன்றைக்கு இட்டதுபோல நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

கந்தப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாத்தீங்களா, அப்படியே இருக்குதுங்க."

"பாத்தேன்" என்றார் தண்டாயுதபாணி. "இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே."

"கெடாம இருக்கத்தானுங்களே மருந்து?"

"இருபது நாள் முட்டைன்னா ஒரு தளர்ச்சியாவது இருக்கும். இது காலைல இட்ட முட்டை." தாளை எடுத்து நீட்டினார். "நாலாம் தேதி பத்தே காலுக்கு எதிர்ல நின்னிருக்கீங்க. ஏழாம் தேதி. பத்தாம் தேதி. பஸ்ல ஏறலை. முட்டையை மாத்தறதுக்கு நேரம் பாத்தீங்களா?"

"ஆராச்சும் மாத்திருவாங்களோன்னுதானுங்க நின்னேன்."

"யாராவது மாத்துவாங்கங்கற நெனப்பே எனக்கு வரலை. உங்களுக்கு எப்படி வந்துது?"

புதிதாகப் பன்னிரண்டு முட்டையை முக்கிக் கையெழுத்துப் போட்டு மறுபடி ஒரு சோதனை, இந்தத் தடவை முப்பது நாள் என்றார். ஆனி முடிந்துகொண்டிருந்தது. புரட்டாசி வருவதற்குள் எப்படியும் காரியம் முடிந்தாக வேண்டும் என்று கந்தப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இனிமேல் தன்மேல் சந்தேகமே வரக்கூடாது என்று நினைத்து ஊர் மணியக்காரரிடம் போனார். 'மேற்படியார் இந்த முப்பது நாளும் ஊரைவிட்டு எங்கும் போகமாட்டார்' என்று ஒரு சான்றிதழ் எழுதி, முத்திரை வைத்து வாங்கி, தபாலில் அனுப்பினார்.

சான்றிதழைப் படித்த தண்டாயுதபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கும் போகமாட்டேன் என்று முன்கூட்டியே அத்தாட்சி வாங்கி வைக்கிறவன் எங்கோ போகத்தான் போகிறான். உடனே மூன்று காரியம் செய்தார். கடையில் பன்னிரண்டு சாதாரண முட்டை வாங்கி, முக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு கூடையில் வைத்தார். அலமாரிக்குப் புதுப் பூட்டு மாட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்த எவனையும் விலைக்கு வாங்கிவிடலாம் என்று, சாவியை எழுத்தே தெரியாத பெருமாயியிடம் கொடுத்து இடுப்பில் முடிந்துகொள்ளச் சொன்னார்.

முப்பது நாளும் கந்தப்பன் வீட்டைவிட்டு நகரவில்லை. சேந்தமங்கலம் சந்தைக்குக்கூடக் கண்ணாத்தாளைத்தான் அனுப்பினார். "கோழிக்கு இருக்கற சுதந்திரம்கூட உங்களுக்கு இல்லாமப் போச்சு" என்றாள் அவள்.

முப்பதாம் நாள் அலமாரியைத் திறந்தபோது முக்காத முட்டைக் கூடையிலிருந்து வந்த நாற்றம் படியிறங்கி டயர் கடை வரைக்கும் போயிற்று. கடைக்காரர் மேலே ஏறி வந்து என்னவென்று விசாரித்தார். அத்தனை நாற்றத்துக்கு நடுவே, முக்கி வைத்த முட்டைகள் பன்னிரண்டும் உடைக்க உடைக்கத் தாமரைப் பூ மாதிரி இருந்தன.

தண்டாயுதபாணி வெகுநேரம் இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து கந்தப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்களைச் சந்தேகப்பட்டது உண்மைதான். உத்தியோகம் அப்படி. மனசுல வெச்சுக்காதீங்க."

ஆவணி கடைசியில் அனுமதி வந்தது. சேலம் மாவட்டத்தில் அந்தப் பிரிவு கொடுத்த முதல் அனுமதி. ஏழு நிபந்தனைகள் இருந்தன. நாலாவது நிபந்தனை: 'இருப்பு முட்டை எதையும் அலுவலர் முன்னிலையில் அல்லாது உடைக்கக் கூடாது.' பழைய பழக்கத்தில் தண்டாயுதபாணி சேர்த்த நிபந்தனை அது.

கந்தப்பன் சிலிகேட் இரண்டு பீப்பாய் வாங்கினார். புரட்டாசி பிறந்தது. நாள்தோறும் முந்நூறு முட்டை முக்கிக் காயவைத்து அடுக்கினார்கள். வெள்ளியங்கிரி வந்து நின்றார். "விக்கறதில்லீங்க" என்றார் கந்தப்பன். ஜென்மத்தில் முதல் தடவையாக அதைச் சொல்கிறோம் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கோழி எச்ச வாடையைத் தவிர வேறெதுவும் மூக்கில் ஏறாத கொட்டகையில் மாதக் கடைசியில் ஒன்பதாயிரம் முட்டை.

"ஒண்ணே ஒண்ணை ஒடச்சுப் பாக்கலாமுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

"நாலாவது நிபந்தனை" என்றார் கந்தப்பன்.

ஐப்பசி பிறந்ததும் சேலம் போனார். பெங்களூருக்குத் திங்கட்கிழமை லாரி பேசியாகிவிட்டது, தீபாவளிச் சரக்கு. அன்று லாரி கிளம்புவதற்கு முன்னால் அலுவலர் வந்து உடைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தண்டாயுதபாணி வாசல் வரைக்கும் வந்து வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். "நான் மட்டும் வரலை. மெட்ராஸ்லேர்ந்து பெரிய அதிகாரியும் வரார். கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர், போட்டோ பிடிக்க ஒருத்தர். அவங்க கையாலேயே ஒரு நூறு முட்டை உடைச்சுப் பாக்கட்டும். இந்த மாவட்டத்துல சட்டப்படி நடந்த ஒரே ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியணும்."

கந்தப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மாடிப்படியில் பெருமாயி உட்கார்ந்து துடைப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமை நீங்களும் நம்ம ஊட்டுக்கு வாங்க" என்றார். "இந்த ஆபீசுல எல்லாரும் என்னைத் திருடனாட்டம் பாத்தாங்க. என்னை நல்ல மனுசன்னு நெனச்சது நீங்க ஒருத்தருதானுங்க."

பெருமாயிக்கு முகமெல்லாம் சிரிப்பாயிற்று. உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அதனாலதானுங்க சாமி, நீங்க முக்கி வெச்ச முட்டை ரெண்டு தடவையும் பத்தாம் நாளே நாறிப்போனதும், அய்யா கையெழுத்தைக் கோலமாட்டம் வரைஞ்சு நானே புது முட்டையா மாத்தி மாத்தி வெச்சுட்டு வந்தேன்."