ஃபிளெட்சரின் குலதெய்வம்

“குலதெய்வம் கோயிலுக்குப் போய் எத்தனை வருஷமாச்சு?”

மேனேஜரிடம் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்பது கேட்ட பிறகுதான் நஞ்சுண்டனுக்கு உறைத்தது.

கிரீன் கார்டு கடிதத்தில் கையெழுத்து வாங்கத்தான் போயிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அது வக்கீல் கையில் இருக்க வேண்டும். தவறினால் விசா முடிந்து குடும்பத்தோடு ஈரோட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஸ்டீவ் ஃபிளெட்சரோ, முதுகுவலி, கூரை ஒழுகல், கைநழுவிய கான்ட்ராக்ட் என்று வரிசையாகப் புலம்பினார். ஈரோட்டில் யார் இப்படிப் புலம்பினாலும் அடுத்த கேள்வி இதுதான். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“அப்படின்னா என்ன, நிக்?”

நஞ்சுண்டன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று சேர்ந்த அன்றே அவனை நிக் ஆக்கியவர் ஸ்டீவ். கையெழுத்துப் போடும் கை ஆயிற்றே என்று அவனும் நிக்காகவே காலம் தள்ளினான்.

“பூர்வீக ஊர்ல குடும்பத்துக்குன்னு ஒரு சாமி இருக்கும். அதை மறந்தா இப்படித்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்.”

ஸ்டீவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க பூர்வீகம் எதுன்னு கண்டுபிடி. அப்புறம் கையெழுத்து.”

ஞாயிறு முழுக்க வீட்டுக்குப் பக்கத்தில் சுகர் லேண்ட் லைப்ரரியில் போயிற்று. ஃபிளெட்சர் என்றால் அம்பு செய்பவர். திங்களன்று சொன்னதும் ஸ்டீவின் முகம் தொங்கிப்போனது.

“வெறும் அம்பு செய்றவங்களா?”

“சாதாரண அம்பா? ராஜா படைக்கே உங்க வீட்டு அம்புதான்!”

“எந்த ஊர்ல?”

நஞ்சுண்டன் தன் சீட்டுக்கு வந்து, இங்கிலாந்து மேப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஊரின் மேல் விரலை வைத்து, அதையே சொல்லிவிட்டான். புதன்கிழமை ஸ்டீவ் அந்த ஊருக்குப் போக டிக்கெட்டே வாங்கிவிட்டார்.

“வெள்ளி ராத்திரி ஃபிளைட். மூணு வாரம். முதல்ல முன்னோர், வந்துதான் உன் பேப்பர்.”

ஃப்ரீவேயில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தவனுக்குச் சாப்பிடக்கூட அலுப்பாக இருந்தது. மனைவி நாகமணி விடவில்லை.

“கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னா, அந்தாளுக்குக் குறி சொல்லிட்டு வந்திருக்கீங்க!”

“இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“கோயிலுக்குப் போக முடியலைன்னா மஞ்சத் துணில காசு முடிஞ்சு வெப்போமில்ல? அதைச் சொல்லிப் பயணத்தை போஸ்ட்போன் பண்ண வைங்க.”

வியாழனன்று ஸ்டீவ் மஞ்சள் துணியை ஆசையாகத் தடவிப் பார்த்தார். “இதை யார் முடியணும்?”

“வீட்டுக்குப் பெரியவங்க.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெரியவர் என்று இருந்தது ஸ்டீவின் அம்மா ஒருத்திதான். டல்லாஸ் பக்கம் முதியோர் இல்லத்தில் இருந்தாள். வெள்ளிக்கிழமை நஞ்சுண்டன் லீவு போட்டு, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டீவை அங்கே டிரைவ் பண்ணிக்கொண்டு போனான். ஏனடா வாயைத் திறந்தோம் என்று வழி நெடுக நொந்துகொண்டான்.

ஸ்டீவ் அம்பு, ராஜா, ஊர் எல்லாவற்றையும் பெருமையாக அளந்து முடித்தார். அம்மா நஞ்சுண்டனைப் பார்த்தாள்.

“உன் பேரு?”

“நிக்.”

“அம்மா அப்பா வெச்ச பேரு?”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. “நஞ்சுண்டன்.”

“நஞ்-சுண்-டன்.” மெதுவாக, பிசகாமல் சொன்னாள். “கையில என்ன பேப்பர்?”

“கிரீன் கார்டுக்கு. சார் கையெழுத்துப் போடணும்.”

அவள் மஞ்சள் துணியை ஓரமாக வைத்துவிட்டு, பேனாவை எடுத்து மகன் கையில் திணித்தாள். “முதல்ல இதுல போடு.”

“அம்மா, இது ஃபிளெட்சர் முன்னோர் காரியம்...”

“ஃபிளெட்சர், இந்த நாட்டுக்கு வந்தப்ப உங்க அப்பாவுக்கு வாய்ச்ச முதல் மேனேஜர் பேரு, ஸ்டீவ். நம்ம பேரு அந்தாளு வாயில நுழையலைன்னு தன் பேரையே எழுதிட்டான். பேப்பர்ல அவன் கையெழுத்து வேணுமேன்னு உங்க அப்பாவும் வாயைத் திறக்கல.”